மூணாவது ஆயில் சீல்

இல்லண்ணா, அவரு கைவாகு ஒண்ணும் போயிடல. நீங்களும் அப்படிச் சொல்லிடாதீங்க, ஏற்கெனவே மனுஷன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு அலையறாரு. உங்களக் கூப்பிடறதுக்கே எவ்ளோ யோசனை தெரியுமா. போன எடுப்பாரு, திரும்ப வைப்பாரு. சொந்த வேன்ல ஒரு ஆயில் சீல் மாத்தத் துப்பில்லாம மெக்கானிக்கக் கூப்பிடறானேன்னு நெனைப்பானேன்னு. கூடப் படிச்ச ஆளுகிட்ட என்ன வெக்கம்னு நான்தான் சொன்னேன்.

அந்த ஸ்டூல்ல உக்காருங்க. ஒரு கால் ஆடும், செவுத்தோட ஒட்டிப் போட்டுக்கங்க. டீயக் குடிங்க, ஆறிடும். அவரு இப்பதானே மூணாவது சீல் வாங்கக் கிளம்பினாரு. ஸ்பேர் பார்ட்ஸ் கடை பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம். வண்டிதான் இங்க ஒத்தச் சக்கரத்தக் கழட்டிப் போட்டுப் படுத்திருக்கே, நடந்துதான் போகணும். வர்றதுக்கு நேரமாகும். ஆகட்டும்.

ஒண்ணுமில்ல, சும்மா சொன்னேன்.

என்ன பண்ணாருன்னு கேட்டீங்கல்ல, எங்கிட்ட கேளுங்க. ஆரம்பத்துலேர்ந்து பக்கத்துல நின்னு டார்ச் புடிச்சவ நான்தான். இவரு வண்டிக்கு அடியில போனாருன்னா டார்ச் வேலை எனக்கு. இங்க அடி, அங்க அடி, எங்கண்ணுல ஏன் அடிக்கறன்னு ஒரே ரகளை. எங்க குடும்ப வாழ்க்கையில பாதி அந்த டார்ச்சோடதான் போச்சு. ஆனா நான் பாத்துக்கிட்டே இருப்பேன்ல, எல்லாம் எனக்கும் ஏறிடுச்சு.

மொதல்ல ஒழுகினது வண்டிக்கு வயசானதால. அத நான் ஒண்ணும் பண்ணல. அதாவது, யாரும் ஒண்ணும் பண்ணல, தானா தேஞ்சது. தெனம் காலையில தரையில வட்டமா எண்ணெய். அடியில அட்டை வச்சுப் பாத்தாரு, பெல்ட் ஓடற புல்லிக்குப் பின்னாடிலேர்ந்து வருதுன்னு கண்டுபுடிச்சாரு. எஞ்சின் எண்ணெய் வெளிய வராம அடைக்கற ரப்பர் வளையம், கிராங்க் சீல்தான் போச்சு, அரை நாள் வேலைன்னாரு. ஜாக்கி போட்டு, கட்டை முட்டுக் குடுத்து, சக்கரத்தக் கழட்டி, பெல்ட்ட எடுத்தாரு. அந்தப் புல்லி போல்ட்டுதான் அசைவேனாங்குது. ஸ்பேனர்ல நீளமா ஒரு பைப்ப மாட்டி அது மேல ஏறியே நின்னாரு. படக்குனு ஒரு சத்தம், ஆளு என் மேலேயே வந்து விழுந்தாரு. ரெண்டு பேரும் அன்னிக்கு சிரிச்ச சிரிப்பு இருக்கே.

பழைய சீல நெம்பறப்ப ஸ்க்ரூ டிரைவர் நுனியில டேப் சுத்திக்கிட்டாரு, உள்ள சுத்தற ராடுல கீறல் விழக்கூடாதுன்னு. இந்த அளவுக்குப் பாக்கற மனுஷன். புது சீலுக்கு வெரல்ல எண்ணெய் தொட்டுத் தடவி, ஸ்ப்ரிங் இருக்கற பக்கம் உள்ள போற மாதிரி வச்சு, அகலமான பைப் துண்ட மேல வச்சு சுத்திச் சுத்தித் தட்டினாரு. ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் எறங்கக் கூடாதாமே. கொழந்தைக்குக் காது குத்தறவங்க கூட அவ்ளோ பதமா குத்த மாட்டாங்க. தெருவுல ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து நிறுத்துனாரு. கீழ பாத்தா சொட்டுது.

கடைக்காரன் மட்டமான சரக்கக் குடுத்துட்டான்னு திட்டிட்டே இன்னொண்ணு வாங்கிட்டு வந்தாரு. அத மாட்டறதுக்கு முன்னாடி கண்ணாடியப் போட்டுக்கிட்டு, வெளிச்சத்துல புடிச்சு, சுத்திச் சுத்திப் பாத்தாரு. சுத்தமாதான் இருந்துச்சு. மாட்டினாரு. திரும்பச் சொட்டுச்சு. அப்பதான்ணா அவரு இந்தத் தரையிலேயே உக்காந்துட்டாரு. ரெண்டு கையையும் மடியில மல்லாத்தி வச்சுக்கிட்டு, என் கை போச்சுடின்னாரு. அத என்னால தாங்க முடியலண்ணா. என்ன வேணா நடக்கட்டும், எல்லாத்தையும் சொல்லிடுவோம்னு தோணுச்சு. டார்ச்ச அணைச்சுட்டு உள்ள போயிட்டேன்.

அந்தப் பேப்பர் மேல கெடக்கறதா? ஆமா, கழட்டினது. ரெண்டும் அதுதான். பாருங்க, தாராளமா பாருங்க.

உள்ள மெல்லிசா ஒதடு மாதிரி இருக்குல்ல, அங்கதானே. ஆமா. ரெண்டுலயும்தான். ராடு கீறியிருந்தா வெட்டு அப்படி நேரா இருக்காதுங்கறீங்களா? எனக்கென்ன தெரியும். கடைக்காரர ஒண்ணும் சொல்லாதீங்க, அவரு பாவம், நல்ல சரக்குதான் குடுத்தாரு.

பிளேடுதான்ணா. தையல் பிரிக்கறதுக்கு வச்சிருக்கேன்ல, அதுல பாதி.

உக்காருங்க. மொதல்ல உக்காருங்க. சத்தம் போடாதீங்க, பக்கத்து வீட்டு ஜன்னல் தொறந்திருக்கு. புதுசா வாங்கிட்டு வந்த மொதல் சீல அவரு சமையலறை அலமாரியில உப்பு டப்பா பக்கத்துல வச்சிருந்தாரு, அதுலயே ஒரு கீறு போட்டுட்டேன். அத அவரு கவனிக்கல. ரெண்டாவதத்தான் கண்ணாடி போட்டுப் பாத்தாரே, அதனால மாட்டற வரைக்கும் பேசாம டார்ச்சப் புடிச்சேன். புல்லி போடறதுக்கு முன்னாடி சாப்பிட்டு வந்துடறேன்னு கை கழுவப் போனாரு பாருங்க, அப்ப. அவசரத்துல என் வெரல்லயும் வெட்டிக்கிட்டேன். இதோ பாருங்க, இன்னும் ஆறல.

கிறுக்கு எல்லாம் புடிக்கல எனக்கு. கேளுங்க.

ஒரு நாள் சாப்பிட்டுக்கிட்டே இருந்தவரு அப்படியே ஒறஞ்சுட்டாரு. கை தட்டுல, கண்ணு செவுத்துல. வாய் மட்டும் சும்மா சப்புக் கொட்டுது. கூப்பிடறேன், தோளப் புடிச்சு உலுக்கறேன், ஆளு இல்ல. அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி, தண்ணி கேட்டேனேங்கறாரு. கெஞ்சிக் கூத்தாடி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். வலிப்புல இதுவும் ஒரு வகைதானாம். கீழ விழ மாட்டாங்களாம், கை கால் இழுக்காதாம், கொஞ்ச நேரம் நெனவு மட்டும் போயிட்டு வருமாம். மாத்திரைய விடாம சாப்பிடணும், நான் சொல்ற வரைக்கும் வண்டியத் தொடக்கூடாதுன்னு அந்தம்மா கண்டிச்சு சொன்னாங்க. இவரு நல்ல புள்ளையா தலையாட்டிட்டு, வெளிய வந்ததும், தூக்கம் பத்தலடி, அவ்ளோதான், இத யாருகிட்டயாவது சொன்ன, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்னாரு. மறுநாள் காலையில வழக்கம் போல ஹாரன் அடிச்சு வீடு வீடா புள்ளைங்கள ஏத்தறாரு.

ஆமாண்ணா, ஸ்கூல் டிரிப்தான். வேற என்ன ஓட்டறாரு அவரு.

உங்க பொண்ணும் அதுலதான் போறா, தெரியும். அதனாலதானே உங்ககிட்ட வாயத் தொறக்கறேன்.

சண்டை போட்டேன். போடாம இருப்பேனா? சாவிய ஒளிச்சு வச்சேன், இன்னொரு சாவி செஞ்சுக்கிட்டாரு. கடைசியில அழுதாருண்ணா. அவரு அழுது நான் பாத்ததே இல்ல. அந்த சீட்லேர்ந்து எறக்கிட்டா நான் யாருடின்னு கேட்டாரு. எல்லா வீட்டுலயும் போய் சொல்லிடலாம்னு தெருமுனை வரைக்கும் போயிருக்கேன். புள்ளைங்களப் பெத்தவங்க இவர என்ன பேச்சு பேசுவாங்கன்னு நெனச்சதும் கால் திரும்பிடும். அந்த நேரம் பாத்து இந்த சீல் ஒழுக ஆரம்பிச்சுது. வண்டி நின்னுச்சு. நின்ன வண்டி நின்னாப்லயே இருக்கட்டும்னு பண்ணிட்டேன். ஆனா இப்ப வர்ற திங்கக்கிழமைலேர்ந்து வண்டி வரும்னு எல்லாருக்கும் போன் போட்டு சொல்லிட்டாரு. நீங்க வந்தா கண்டிப்பா சரியாயிடும்னு அவ்ளோ நம்பிக்கை.

ஓட்டும்போது வந்துச்சான்னா கேக்கறீங்க.

வந்துச்சு. ஒரு தடவை. சாயங்காலம், எல்லாரையும் ஏத்திட்டு வர்றப்ப, அந்தப் பாலத்துக்கு எறங்கற சரிவுல. முன் சீட்ல இருந்த புள்ள என்னமோ கேட்டிருக்கு, பதில் இல்ல. திரும்பிப் பாத்திருக்கு. சட்டுனு ஹேண்ட் பிரேக்க ரெண்டு கையாலயும் புடிச்சு இழுத்திருக்கு. வண்டி அலம்பிக்கிட்டுப் போய் ஓரத்துக் கல்லுல முட்டி நின்னுச்சு. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல. பின்னாடி இருந்த சின்னதுங்க விளையாட்டுன்னு சிரிச்சிருக்குங்க. இவரு நெனவு வந்ததும், ஏம்மா பிரேக்க இழுத்தன்னு அந்தப் புள்ளையையே திட்டியிருக்காரு. அவருக்குத் தெரியலண்ணா. சத்தியமா தெரியல. நான் சொன்னா, அந்தப் புள்ள கத கட்டுதுங்கறாரு.

வண்டி எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னதும் அது நேரா சமையலறைக்கு வந்துச்சு எங்கிட்ட. மாமாவுக்குக் கண்ணு தொறந்துதான் இருந்துச்சு அத்தை, ஆனா மாமா உள்ள இல்லன்னு சொல்லுச்சு. பெரியவங்க நமக்கே அப்படி சொல்லத் தெரியாது.

யாரு வீட்டுப் புள்ளையா இருந்தா என்னண்ணா. எல்லாம் நம்ம புள்ளைங்கதான்.

நீங்க ஒண்ணு பண்ணுங்க. எஞ்சினே போச்சுன்னு சொல்லிடுங்க. உள்ள ராடு தேஞ்சிருக்கு, இனி எத்தன சீல் போட்டாலும் நிக்காது, வித்துடுன்னு சொல்லுங்க. உங்க வாயால சொன்னா கேப்பாரு. என் மேல சந்தேகமும் வராது, கை போச்சுங்கற வருத்தமும் அவருக்குப் போயிடும். வண்டி மேல பழியப் போட்டுட்டு நிம்மதியா இருப்பாரு.

சரிதான், வேற வண்டி வாங்குவாரு. அதுக்கும் சீல் இருக்கும், நானும் பிளேடோட இருப்பேன். இல்லண்ணா, சிரிக்கல. எனக்கும் தெரியுது, இது ஒரு வழியே இல்லன்னு.

பொய் சொல்ல மாட்டீங்க. அப்ப உண்மையச் சொல்லுங்க. அவரு மூஞ்சியப் பாத்து, இனி வண்டி ஓட்டாதடான்னு சொல்லுங்க. பொண்டாட்டி சொன்னா புலம்பல், டாக்டர் சொன்னா பயங்காட்டறது. நீங்க சொன்னா என்ன சொல்வாருன்னு பாப்போம்.

அது அவருதான். தெருமுனையில திரும்பறாரு பாருங்க, கையில பொட்டலத்தோட. எவ்ளோ வேகமா வர்றாரு.

எந்திரிங்கண்ணா, கைய அந்தத் துணியில தொடச்சுக்கங்க. அந்த ரெண்டு சீலையும் அப்படியே வைங்க, நான் மறைக்க மாட்டேன். இன்னொண்ணு, வீட்டுக்குப் போனதும் உங்க பொண்ணத் திட்டாதீங்க. பிரேக்க இழுத்தது அவதான். உங்கப்பாகிட்ட சொல்லிடாதன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கினது நான்.