பூட்டுக்கு எண்ணெய் விடாதீர்கள்

பூட்டு இறுகிவிட்டால் எல்லோரும் சமையலறைக்கு ஓடிப்போய் எண்ணெயைத்தான் எடுத்து வருவார்கள், ஐயா. செய்யக்கூடாத வேலை அது. விட்ட அன்று சாவி வழுக்கிக்கொண்டு திரும்பும். அப்புறம் தூசி ஒட்டி, பிசுக்காகி, முன்னைவிட மோசமாகிவிடும்.

எங்கள் வீட்டு வாசல் பூட்டு வெகுகாலமாகவே சண்டித்தனம் செய்துகொண்டிருந்தது. கதவுக்கு இடுப்பால் முட்டுக்கொடுத்து, இரண்டு கையாலும் சாவியைத் திருக வேண்டும். சாவி எப்போதும் உள்பக்கம் பூட்டிலேயே தொங்கும். "அக்காவை உள்ள வச்சுப் பூட்டிட்டு சாவிய ஒளிச்சு வைக்கிற பாவம் எனக்கு வேணாம்" என்று என் கணவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அக்கா என்றால் அவருக்கு உயிர்.

அந்த அக்கா, அதாவது என் நாத்தனார், தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தை என் கண்ணெதிரே எடுத்து மறுபடி கழுவுவார். "உங்கம்மா உன்னப் பெத்ததோட சரி" என்பார், அதுவும் நாலு பேர் இருக்கும்போது. ஞாபகம் தவற ஆரம்பித்த பிறகு சொந்தத் தம்பியையே யாரென்று கேட்டார். என் பெயர் சுத்தமாக மறந்துபோனது. பாத்திரத்தைத் திரும்பக் கழுவ மட்டும் மறக்கவில்லை. எனக்கு அந்த அம்மாளைப் பிடிக்காது. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

சில நாட்களில் திடீரென்று வேலைக்குக் கிளம்புவார். தோளில் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து சாவியைப் பிடிப்பார். மூட்டுவலியில் கோணிப்போன விரல்கள். கொஞ்சம் போராடிவிட்டு நாற்காலியில் உட்காருவார், எதற்கு வந்தோம் என்பது மறந்துவிடும். எங்கள் வாசலைத் தாண்டினால் சரக்கு லாரிகள் பறக்கிற சாலை. அதற்கு அந்தப் பக்கம் பேருந்து நிறுத்தம். அக்காவைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது அந்தப் பூட்டுதான் என்று என் கணவருக்குத் தோன்றவேயில்லை. எனக்குத் தோன்றியது.

ஒருநாள் கணவர் கை சிவக்கத் திருகிவிட்டு, "பாழாப்போன பூட்டு. ஒரு சொட்டு எண்ணெ விடக்கூடாதா?" என்று என்மேல் எரிந்து விழுந்தார். நான் நேரே ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.

"மிஷின் எண்ணெ கொஞ்ச நாளைக்குத்தாம்மா, அப்புறம் மக்கர் பண்ணும். ஸ்பிரே அடிச்சு அழுக்க எடுத்துட்டு கிராஃபைட் தூள் போடுங்க. வருஷக்கணக்கா தாங்கும்" என்றார் கடைக்காரர்.

நாத்தனாருக்குக் கிளம்புகிற நினைப்பு நாளைக்கும் வரலாம், மாதக்கணக்கில் வராமலும் இருக்கலாம். அதற்குள் இறுகிவிடுகிற பூட்டு எனக்கு எதற்கு? ஸ்பிரேயையும் தூளையும் வாங்கினேன்.

பிசுக்கைக் கழுவி, நன்றாக உலரவிட்டு, தூளைச் சாவித் துளைக்குள் ஊதினேன். என் கைக்கு இலேசாக இருந்தால் போதாதே. அதனால் நாத்தனாரையே அழைத்தேன்.

"அண்ணி, இதக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க."

இரண்டு விரலால் திருப்பிவிட்டார். "பரவால்லயே. உனக்கும் ஒரு வேல உருப்படியா வருதே" என்றார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் வாயால் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு. பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாக இருந்தது. அதற்காகப் பூட்டுக்குள் போட்ட தூளைத் துடைத்தெடுத்துவிடலாம் என்று மட்டும் தோன்றவில்லை.

பிறகு நான் காத்திருந்தேன். கணவர் வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில் நாத்தனார் கிளம்பினார். நான் ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பூட்டு சத்தமே போடவில்லை. படியிறங்கினார், பையைச் சரிசெய்துகொண்டார், எதிர்ப்புறத்தைப் பார்த்தபடி சாலையில் கால் வைத்தார். அந்த லாரி டிரைவரை விட்டுவிடுங்கள், பாவம். அவர் பிரேக் போட்டார், நான் பார்த்தேன்.

ஏன் ஒரு குரல் கொடுக்கவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஜன்னல் திறந்துதான் இருந்தது. "அண்ணி" என்று கூப்பிட்டிருந்தால், என்னைத் திட்டுவதற்காகவாவது நின்று திரும்பியிருப்பார். அதனால்தான் கூப்பிடவில்லை.