இலவசக் கட்டில்

விஜேந்திரன்: ...அப்ப இந்த முதியோர் இல்லத்துக்குக் கட்டுற முப்பத்தெட்டாயிரத்துல மருந்து சேராதா, மேட்ரன் மிஸ்?

உம்மு குல்தூம்: சேராது தம்பி. கட்டில், மூணு வேளை சாப்பாடு, ரெண்டு தேத்தண்ணி, குளிப்பாட்டுறது, உடுப்புக் கழுவுறது, காலையில பிரஷர் பார்க்கிறது. மாசக் கட்டணம் இவ்வளவுக்குத்தான். மருந்து வேற, பேம்பர்ஸ் வேற.

நிரஞ்சனி: பேம்பர்ஸ் ஒரு நாளைக்கு எத்தனை போகும் மிஸ்?

உம்மு குல்தூம்: நடக்க ஏலாதவங்கன்னா மூணு போகும். அந்த அம்மாவுக்கு இடுப்பு உடைஞ்சு எத்தனை மாசம்னு சொன்னீங்க?

நிரஞ்சனி: ஆறு. ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள், விடிய தண்ணி எடுக்கப் போய்...

விஜேந்திரன்: ஆறு மாசம் இருக்கும்னு நெனைக்கிறோம் மிஸ். பக்கத்து காம்பரா, அடுத்த வீடுதானே, சரியா தெரியாது.

உம்மு குல்தூம்: தங்கச்சிக்கு நாள் நேரம் எல்லாம் தெரியுது போல.

நிரஞ்சனி: இல்ல மிஸ்... தேயிலைத் தோட்டத்து லயத்துல வரிசையா வீடு, ஒருத்தர் விழுந்தா எல்லாருக்கும் தெரிஞ்சிரும்.

உம்மு குல்தூம்: அதுவும் சரிதான். இன்னொன்னு எழுதிக்கங்க. ஆஸ்பத்திரியில வச்சாங்கன்னா, கூட நிக்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறு.

விஜேந்திரன்: அதுக்கும் வேறயா!

உம்மு குல்தூம்: தாகம்னா தண்ணி குடுக்க ஆள் வேணுமே தம்பி. இங்க வேலை செய்யிற பிள்ளை ஒன்னு அங்க போய் நின்னா, இங்க இன்னொரு பிள்ளையை எடுக்கணும்.

விஜேந்திரன்: அது சரி மிஸ். ஆனா இதெல்லாம் பிள்ளை குட்டி உள்ளவங்களுக்கு. நாங்க கேட்க வந்தது... மத்தக் கட்டில்.

உம்மு குல்தூம்: இலவசக் கட்டிலா?

விஜேந்திரன்: ஆமா மிஸ். சுந்தரம்மாவுக்கு யாரும் இல்ல.

உம்மு குல்தூம்: ஒருத்தருமே?

விஜேந்திரன்: ஒருத்தருமே.

உம்மு குல்தூம்: தங்கச்சி, நீங்க என்ன சொல்றீங்க?

நிரஞ்சனி: அண்ணன் சொன்னா... சரிதான் மிஸ்.

உம்மு குல்தூம்: சரி. இலவசத்துல ஒரே ஒரு கட்டில்தான் காலியா இருக்கு. இருங்க, விண்ணப்பப் பாரத்தை எடுத்துக்கிட்டு வர்றேன். வெளிய பெஞ்சில இருக்கிற அவங்களுக்குத் தேத்தண்ணி குடுத்தாங்களான்னும் பார்த்துட்டு வர்றேன்.

நிரஞ்சனி: அண்ணே... மிஸ் அவங்க கிட்டயே போய்க் கேட்டா?

விஜேந்திரன்: கேட்கட்டும். என்ன சொல்லணும்னு அவங்களுக்குத் தெரியும்.

நிரஞ்சனி: ஒருத்தரும் இல்லன்னு கிராம சேவகர் கடிதம் கேட்பாங்க.

விஜேந்திரன்: அவரு புது ஆள். வந்து ஒரு மாசம் ஆகல. யாரு யாருக்குச் சொந்தம்னு அவருக்கு எங்க தெரியும்?

நிரஞ்சனி: தெரிஞ்சா?

விஜேந்திரன்: நீ வாயைத் திறக்காம இருந்தா தெரியாது. ஆடிப் பதினெட்டாம்! இன்னும் கொஞ்சம் விட்டா பிளட் குரூப்பையும் சொல்லியிருப்ப.

நிரஞ்சனி: ஓ பொசிட்டிவ்.

விஜேந்திரன்: அடியே!

நிரஞ்சனி: சிரிக்காத. பாவம் அண்ணே இது. மாரியம்மன் கோயிலைத் தாண்டி வந்தோமே... கும்பிடக்கூட எனக்குக் கை வரல.

விஜேந்திரன்: எனக்கு மட்டும் வந்துச்சா? நீ கட்டுநாயக்கா கார்மெண்ட்ஸ்ல இருக்க, மாசத்துக்கு ஒருக்கா வர்ற. நான் கடைக்குப் போறப்ப காம்பராவை வெளியால பூட்டிட்டுப் போறேன். பூட்டிட்டு! போன கிழமை தவழ்ந்து போய் அடுப்பைப் பத்த வச்சு, சீலையில நெருப்புப் பிடிச்சு... பக்கத்து வீட்டு ஆள் பூட்டை உடைச்சதால தப்புச்சு. என் சம்பளமே முப்பத்தஞ்சு. நீயே கணக்குப் போட்டுப் பாரு.

நிரஞ்சனி: போட்டுட்டேன். பேம்பர்ஸையும் சேர்த்தா ரெண்டு பேரும் திங்காம இருந்தாத்தான் கட்டலாம். ...வர்றாங்க, வர்றாங்க. முகத்தை நேரா வை.

உம்மு குல்தூம்: மன்னிச்சுக்கங்க, சுணங்கிட்டேன். இந்தாங்க பாரம். எழுத முந்தி, இலவசக் கட்டில்ல என்னென்ன அடங்கும்னு நான் வாசிச்சுக் காட்டணும். இங்க அது ஒழுங்கு.

விஜேந்திரன்: வாசிங்க மிஸ்.

உம்மு குல்தூம்: மருந்து, பேம்பர்ஸ், ஆஸ்பத்திரியில கூட நிக்கிற ஆள்... எல்லாம் அடங்கும். ஒரு சதம் கேட்க மாட்டோம்.

விஜேந்திரன்: கடவுளே... நிரஞ்சனி, கேட்டியா?

உம்மு குல்தூம்: பொறுங்க தம்பி, முடியல. ஒபரேஷன் செய்யணும்னா கையெழுத்து வைக்கிறது நாங்க. அவங்களை வெளிய கூட்டிக்கிட்டுப் போக ஏலாது.

நிரஞ்சனி: தேருக்குக் கூடவா? அடுத்த மாசம் மாசி மகம் மிஸ். வருசம் தவறாம தேர் பார்த்தவங்க. வீல் செயார்ல வச்சுத் தள்ளிக்கிட்டுப் போயிட்டு, அப்படியே கொண்டு வந்து விட்டுருவோம்.

உம்மு குல்தூம்: பொறுப்புக் கையெழுத்து வைக்கச் சொந்தம் வேணும் தங்கச்சி. அக்கம் பக்கத்து ஆள்னா ஞாயித்துக்கிழமை ரெண்டு மணியிலயிருந்து நாலு மணி வரைக்கும் வந்து பார்க்கலாம்.

நிரஞ்சனி: ரெண்டு மணித்தியாலமா...

விஜேந்திரன்: பரவாயில்ல மிஸ். நீங்க எழுதுங்க.

உம்மு குல்தூம்: கடைசியா ஒன்னு. நாளைக்கு அவங்க கண்ணை மூடினா அடக்கமும் நாங்கதான். அதுவும் அந்தக் கட்டில்ல அடங்கும். பெட்டி, வாகனம், பொது மயானத்துல இடம். உங்க தோட்டத்து லயத்துக்கு அனுப்ப மாட்டோம். கிராம சேவகருக்கு மட்டும் அறிவிப்போம்.

விஜேந்திரன்: எங்களுக்கு... அறிவிக்க மாட்டீங்களா?

உம்மு குல்தூம்: ஞாயித்துக்கிழமை பார்க்க வந்தா, சொல்லுவோம்.

நிரஞ்சனி: அண்ணே...

விஜேந்திரன்: கொஞ்சம் இரு. ...மிஸ், அப்ப கொள்ளிக்குடம்? அதை யாரு தூக்குவா?

உம்மு குல்தூம்: இங்க பூந்தோட்டம் பார்க்கிற லெட்சுமணன் தூக்குவாரு. இதுவரைக்கும் பதினோரு பேருக்கு அவர்தான் செஞ்சிருக்காரு. குளிச்சு, விரதம் இருந்து, சுத்தமா செய்வாரு. ஒரு ரூபாயும் வாங்குறதில்ல. என் வழி வேற, அவரு வழி வேற. ஆனா அந்த மனுசன் குடத்தைத் தூக்கிக்கிட்டு முன்னால நடக்கிறப்ப, அல்லாஹ் பார்த்துக்கிட்டுத்தான் இருப்பான்னு எனக்குத் தோணும்.

விஜேந்திரன்: நல்ல மனுசன்தான்... ஆனா...

உம்மு குல்தூம்: ஆனா?

விஜேந்திரன்: ஒன்னும் இல்ல மிஸ். எழு... எழுதுங்க.

உம்மு குல்தூம்: எழுதுறேன். முதல்ல இதைப் பிடிங்க.

விஜேந்திரன்: என்ன மிஸ் இது? பிஸ்கட்டா?

உம்மு குல்தூம்: வெளிய இருக்கிறவங்களுக்குத் தேத்தண்ணியோட குடுத்தது. பிள்ளைகள் எத்தனைன்னு கேட்டேன். ஒருத்தரும் இல்லன்னாங்க, சுவரைப் பார்த்துக்கிட்டு. சரின்னு நான் திரும்ப, என் கையைப் பிடிச்சு நிறுத்தி, "உள்ளுக்கு இருக்கிற தம்பி விடிய ஒன்னும் திங்காம வந்துட்டான், வயித்துப் புண்ணுக்காரன், இதைக் குடுத்துருங்க"ன்னாங்க.

நிரஞ்சனி: ஐயோ...

உம்மு குல்தூம்: அழாதீங்க தங்கச்சி. நான் பொலிஸ் இல்ல. இருபது வருசமா இந்த மேசையில இருக்கேன். கொண்டு வந்து தள்ளிட்டுப் போறவங்களையும் பார்த்திருக்கேன். அவங்க யாரும் தேர் பார்க்கக் கூட்டிக்கிட்டுப் போகலாமான்னு கேட்டதில்ல.

விஜேந்திரன்: மிஸ்... அந்தக் கட்டிலுக்கு வேற யாரும் காத்துக்கிட்டு இருக்காங்களா?

உம்மு குல்தூம்: தம்புள்ளையில ஒரு மனுசி. கடை வாசல்ல படுத்திருக்கா. அவளுக்கு உண்மையாவே யாரும் இல்ல.

நிரஞ்சனி: அண்ணே, வேணாம். சொல்லிரு.

உம்மு குல்தூம்: அவசரப்படுத்தாதீங்க, தம்பி யோசிக்கட்டும். ஒன்னு மட்டும் சொல்றேன். கட்டணம் கட்டுறவங்க எல்லாரும் முழுசா கட்டுறதில்ல. ஒரு மகள் ஞாயித்துக்கிழமைகள்ல வந்து எல்லாருடைய படுக்கை விரிப்பையும் துவைச்சுக் குடுக்கிறா. கமிட்டியில சண்டை பிடிச்சு அவளுக்கு எட்டாயிரம் குறைச்சேன். டவுன்ல ஒரு ஹாஜியார் மாசா மாசம் பேம்பர்ஸ் பெட்டி அனுப்புறாரு, பேர் சொல்ல வேணாம்னு. முழுப் பாரமும் இறங்கும்னு நான் சொல்ல மாட்டேன். பாதியாவது இறங்கும்.

விஜேந்திரன்: பாதின்னாலும் கஷ்டம்தான் மிஸ்.

நிரஞ்சனி: நான் ஓவர்டைம் செய்யிறேன். ஞாயித்துக்கிழமையில வந்து துவைக்கவும் செய்யிறேன்.

விஜேந்திரன்: கட்டுநாயக்காவுல இருந்தா?

நிரஞ்சனி: சனிக்கிழமை வேலை முடிஞ்சதும் பஸ் ஏறினா வர ஏலாதா?

உம்மு குல்தூம்: பிஸ்கட்டைச் சாப்பிடுங்க தம்பி. திங்காம இதையெல்லாம் முடிவு செய்யக் கூடாது. ...பாரத்துல ஒரு கோடுதான் நான் இப்ப நிரப்பணும். "பொறுப்பாளர், உறவு"ன்னு இருக்கு. பக்கத்து காம்பரான்னு போடவா?

விஜேந்திரன்: மகன்னு போடுங்க மிஸ். கீழ, மகள்னு இவ பேரையும் போடுங்க. நாங்களா நெனைச்ச பொய் இல்ல மிஸ் இது. ஆட்டோவுல வர்றப்ப அம்மாதான் சொல்லிக் குடுத்தாங்க... "எனக்கு யாரும் இல்லன்னு சொல்லுங்கடா, உங்க ரெண்டு பேருக்கும் செலவு வராது"ன்னு. எனக்குச் சரியா சொல்ல வரல... அதனால மூணு தடவ சொல்ல வச்சுக் கேட்டாங்க.