ஒற்றைப்படை அக்காவுக்கு, இரட்டைப்படை கேட்டு நின்றவர்கள் எழுதியது

எங்கள் பிடரி வலிக்கும் கண்ணெரிச்சலுக்கும் முதற்காரணமே! பழையதைப் பழிக்காதவரே, புதியதைப் பொறுக்க வைத்தவரே! முடித்துவிட்டோம் என்று நாங்கள் மூச்சுவிடும் நேரம் பார்த்து, "பழைய வெர்ஷனோட பேச வச்சுப் பாத்தாச்சா?" என்று கேட்டு, எழுந்தவர்களை மறுபடி நாற்காலியில் அழுத்தியவரே! இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் ஒற்றைப்படை அக்கா அவர்களே! வணக்கம்.

நிமிர்ந்து நின்று வாசிக்க வேண்டிய மடல் இது. இடுப்பு நிமிர மறுக்கிறது. இந்த வாரமும் உங்கள் டெஸ்டுகளைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம். ஆகவே வாசிப்பவர் மேசையில் சாய்ந்துகொள்வதைச் சபை பொறுத்தருள வேண்டும்.

மனைவி இத்தனை வருடம் அலுவலகத்தில் என்னதான் செய்தார் என்று இன்றுவரை விளங்காமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமா அவர்களுக்காக ஒரு விளக்கம். ஒரு கடைக்காரர் பணம் வாங்க வைத்திருக்கும் பெட்டியும் எங்கள் சர்வரும் கொஞ்சம் பணத்தை முன்கூட்டிப் பூட்டிவைத்துத் தமக்குள் ஒரு தடம் போட்டுக்கொள்ளும். சேனல் என்போம். தடத்தோடு தடம் சேர்ந்த வலையில் சில்லறைப் பணம் நொடியில் கைமாறும். இரண்டு இயந்திரங்கள் சந்தித்ததும், தமக்குத் தெரிந்த வசதிகளை முதலில் எண்களாகச் சொல்லிக்கொள்ளும். ஒற்றைப்படை எண்ணாகச் சொன்னால், 'எனக்கு இது தெரியும், உனக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பழையபடியே பேசுவோம்' என்று பொருள். அதே வசதியை இரட்டைப்படையாகச் சொன்னால், 'இது தெரியாவிட்டால் என்னோடு பேசாதே' என்று பொருள். தெரியாத பெட்டி இணைப்பைத் துண்டித்துக்கொண்டு போய்விடும். இந்தப் பேச்சுவார்த்தையை எங்கள் மென்பொருளில் கட்டியவர் அக்கா. அதற்கு முன்பெல்லாம் ஒரு புது வசதி வந்தால் ஊரே ஒரே நாளில் மாற வேண்டும், மாறாதவன் மாட்டினான்.

பொறுமையின் பெருமலையே! உங்கள் பொறுமை எங்கள் பொறுமையைத் தின்றுதான் வளர்ந்தது. எந்த வசதியும் ஒற்றைப்படையாகத்தான் பிறக்க வேண்டும் என்றீர்கள். புதியதோடு புதியது, புதியதோடு பழையது, பழையதோடு புதியது என்று ஒரே வேலையை மூன்று விதமாக முறுக்கிப் பிழிய வைத்தீர்கள். நாங்கள் எழுதிய ஒவ்வொரு புது வரிக்கும் பக்கத்தில் பழைய வரியும் உயிரோடு இருந்தாக வேண்டும். மூட்டை தூக்கும் வீட்டில் பிறந்தவன்தான் இம்மடலை எழுதுகிறான். பழைய மூட்டையை இறக்காமல் மேலே இன்னொன்றை ஏற்றுகிறவரை எங்கள் வீட்டில் யாரும் வாழ்த்தியதில்லை. நாங்கள் வாழ்த்துகிறோம். வேறு வழியில்லை.

"இத எப்பக்கா இரட்டைப்படை ஆக்கறது?"

"எல்லாரும் வந்து சேரட்டும்."

"யாருக்கா இன்னும் வரல?"

"சலவைக்கடைக்காரர் வரல."

"ஒரு ஆளுக்காகவாக்கா?"

"அப்ப நீயே போய் அவர்கிட்டச் சொல்லிட்டு வா."

இந்த உரையாடல் எங்கள் அறையில் எத்தனை முறை நடந்தது என்பதைச் சுவர்க்கடிகாரம்கூட மறந்திருக்கும்.

உங்கள் மகளின் பிரசவத்துக்காக நீங்கள் விடுப்பில் இருந்த வாரம் நாங்கள் துணிந்துவிட்டோம். பெரிய தொகையைப் பிரித்துப் பல வழியாக அனுப்பும் வசதியை இரட்டைப்படையாக்கினோம். மேனேஜர் கைதட்டினார். காலையில் பழைய பெட்டிகள் வரிசையாக எங்களை விட்டுப் போயின. பல பெட்டிகள் தாமாகவே புது வெர்ஷனை ஏற்றிக்கொண்டு திரும்பிவிட்டன. சலவைக்கடைக்காரரின் பெட்டியால் முடியவில்லை. அதன் நினைவகத்தில் புதியது கொள்ளாது. துவைத்த துணிக்குக் காசு கொடுக்க முடியாமல் கடை வாசலில் கூட்டம். புகார் பிரிவில் போனை எடுத்தவர், "உங்க பெட்டி பழசு சார்" என்றார். "பழசுதான். நேத்து வரைக்கும் வேலை செஞ்ச பழசு" என்றார் அவர்.

மருத்துவமனை நடைபாதையிலிருந்து நீங்கள் அழைத்தீர்கள். "அவர் பெட்டி ஒரு தப்பும் பண்ணல. தெரியாத இரட்டைப்படை வந்தா ஒதுங்கிப் போன்னு அதுக்கு எழுதிக் கொடுத்ததே நாமதான். சொன்ன பேச்சக் கேட்ட பெட்டியப் போய்ப் பழசுங்கறீங்களே! மறுபடி ஒற்றைப்படையா மாத்துங்க."

மேனேஜர் சமாளித்தார்: "அதிருக்கட்டும்க்கா, பேரனா பேத்தியா, மொதல்ல அதச் சொல்லுங்க."

"ஒற்றைப்படை ஆனதும் சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டீர்கள். பேத்தி என்று எங்களுக்கு மதியம்தான் தெரிந்தது.

கடமையின் கருங்கல்லே! அதன் பிறகு மற்றவர் எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். சலவைக்கடைக்காரர் ஒருவர்தான் மிச்சம். அவருக்குப் புதுப் பெட்டி வைக்க வேண்டும். பழைய சேனலை ஒழுங்காக மூடி, பூட்டிய பணத்தை மீட்டு, புதுத் தடம் போட வேண்டும். அதற்கு ஒரு ஆள் ஒரு முழு நாள் அவர் கடையில் உட்கார வேண்டும். ஒவ்வொரு திட்டக் கூட்டத்திலும் அந்த ஒரு நாளைக் கேட்டீர்கள். "நியாயம்தான்க்கா, அடுத்த சுற்றுல எடுத்துக்கலாம்" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பதில் வந்தது. வெள்ளைப் பலகையில் 'சலவைக்கடை' என்ற சொல் அழிக்க முடியாதபடி ஊறிவிட்டது. துடைத்தால் துணிதான் கறுக்கிறது.

பொறுக்கமாட்டாமல் நீங்களே ஒரு நாள் சொந்த விடுப்பு எடுத்துக்கொண்டு பெட்டியோடு போனீர்கள். இஸ்திரி மேசை ஓரமாக நாற்காலி போட்டு அவர் சொன்னாராம்: "உக்காருங்கம்மா. லீவு போட்டுட்டா வந்திருக்கீங்க? அப்ப இது உங்க ஆபீஸ் வேலை இல்ல, தர்மம். தர்மம் எனக்கு வேணாம். ஆபீஸ் வேலையா யாராவது வரட்டும், கதவத் தொறந்து வைக்கிறேன்."

கொண்டுபோன பெட்டியோடு திரும்பி வந்தீர்கள். "என்ன திமிரு பாருங்கக்கா!" என்று கொதித்தோம். "திமிர் என்னடா திமிர்? சரியாத்தான் கேக்கறாரு" என்று சொல்லிவிட்டு டெஸ்டுகளை ஓட்டப் போய்விட்டீர்கள்.

திங்கட்கிழமை காலை, தொகையைப் பிரித்து அனுப்பும் அந்த வசதியை மறுபடி இரட்டைப்படையாக்கக் கூட்டம் கூட்டியிருக்கிறார்கள். சரி என்று முடிவானால், அன்று மாலைக்குள் அவர் கல்லாவுக்குப் பணம் வரும் வழி அடைபடும். வேண்டாம் என்று சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள். எங்கள் கோபமெல்லாம் இதுதான், அக்கா! வேண்டாம் என்று சொல்லும் வேலையை இத்தனை வருடமும் நீங்களே வைத்துக்கொண்டு, எங்களை ஆமாம் போடுகிறவர்களாகவே வளர விட்டுவிட்டீர்கள். இந்த வயதில் நாங்கள் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதுவும் திங்கட்கிழமைக்குள்.

நீடு வாழ்க! நோயின்றி வாழ்க! நல்ல தூக்கமும் நேரத்துச் சாப்பாடும் மாமாவின் முழுக் கவனமும் வாய்க்கப் பெறுக! பேத்தியின் பிடிவாதங்கள் உங்கள் பிடிவாதத்தில் பாதியாக இருக்கட்டும். எங்களிடமிருந்து போன் வந்தால் எடுக்காதீர்கள். எடுப்பீர்கள் என்று தெரியும், இருந்தாலும் எடுக்காதீர்கள்.

இந்த மடலைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதோ பரணில் போடுவதோ உங்கள் விருப்பம். மேனேஜர் அவர்கள் முன்வரிசையில் இருக்கையிலேயே, ஒலிபெருக்கியை அணைப்பதற்கு முன்பாகவே, இதையும் வாசித்து முடிக்கிறோம்: சலவைக்கடைக்காரருக்கு இந்த அலுவலகம் ஒரு ஆளின் ஒரு முழு வேலைநாள் கடன்பட்டிருக்கிறது. இன்னும் கொடுக்கவில்லை.

கடன்பட்டோர்,
மென்பொருள் பிரிவுப் பணியாளர்கள்