மூன்றாவது கள்ளிச்செடி

“முதல் ரெண்டையும் நான்தான் கொன்னேன். மருமகளுக்கு இன்னும் தெரியாது.”

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் கொமுட்டர் ரயிலில் இது காதில் விழுந்ததும், கேட்டுக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டேன். சொன்ன அம்மாள் எதிர் இருக்கையில், மடியில் ஒரு சின்னக் கள்ளிச்செடித் தொட்டியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவரைவிட இளைய பெண் ஒருத்தி.

“எப்படிக்கா கொன்னீங்க?”

“தண்ணி ஊத்தித்தான். காலையில குளிச்சிட்டு துளசிக்கு ஊத்துறேன், கருவேப்பிலைக்கு ஊத்துறேன். இது மட்டும் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டே இருக்கு. மனசு கேக்குமா?”

“ஐயோ, அது பாலைவனத்துச் செடி லா! உடம்புக்குள்ளயே தண்ணி சேர்த்து வச்சிக்கும். உள்ள இருக்கிற தண்ணி காஞ்சிடக் கூடாதுன்னுதான் இலையே முள்ளா மாறியிருக்கு. நீங்க ஊத்த ஊத்த வேர் அழுகிடும்.”

“அழுகித்தான் போச்சு. மருமக குடுத்துட்டுப் போனது செத்ததும் அதே மாதிரி ஒண்ணு வாங்கி வச்சேன். அதுவும் போச்சு. அவ என்னடான்னா பினாங்கு பூரா ‘எங்க அத்தைக்குக் கைராசி, கள்ளிகூட வாடல’ன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறா. நாளைக்கு வரா.”

“இதையாவது சும்மா விடுங்கக்கா. நம்ம ஊரு ஈரக்காத்தே அதுக்கு ஜாஸ்தி.”

“சத்தியமா ஊத்த மாட்டேன்.”

ஷா ஆலம் தாண்டியதும் அந்த அம்மாள் பையிலிருந்து தண்ணீர் போத்தலை எடுத்து நாலு மடக்குக் குடித்தார். மூடப் போனவர் மடியைப் பார்த்தார். பிறகு மெல்ல அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

“ஒரே ஒரு மூடி?”