மாமாவுக்கு வந்த மெஷின்

பரங்கிப்பேட்டையில் கல்யாணமானால் பெண் வீட்டை விட்டுப் போகமாட்டாள் சார், மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போவான். வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். நான் புவனகிரிக்காரன், எனக்கே ஆரம்பத்தில் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் மாப்பிள்ளைக்கு நடக்கிற மரியாதை வேறெங்கும் நடக்காது. மீனில் நடுத்துண்டு எனக்கு. ஃபேனுக்கு நேர்கீழே கட்டில் எனக்கு. என் மாமனார் முஹம்மது இஸ்மாயில் வயதில் அவ்வளவு மூத்தவர், ஒரு நாளும் என்னை வாங்க போங்க இல்லாமல் பேசியதில்லை. அவர்மேல் எனக்கு ஏதாவது கோபமா என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். கோபமே கிடையாது. அதை அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

வீட்டில் ஆட்கள் குறைவுதான். மாமா, மாமி அமீருன்னிசா, என் மனைவி நஜியா, எங்கள் இரண்டு பெண் பிள்ளைகள், நான். நஜியாவின் தம்பி தமீம் அன்சாரி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். எனக்கு மச்சான். நான் சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவுக்குப் பொறுப்பு. கல்யாணப் பார்ட்டி வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள், நிதானமாகப் பேசுவேன் என்பதால்.

மாமாவும் குறட்டை விடுவார், நானும் விடுவேன். மாமாவிடம் அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். என்னிடம் யாரும் வாய் திறந்ததில்லை. மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? பிள்ளைகள் படிக்கவேண்டும் என்று காரணம் சொல்லி நஜியா அவர்களோடும் மாமியோடும் உள்ளறைக்குப் போய்விட்டாள். மாமாவின் கட்டில் முன்னறைக்கு, என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தது. பகலெல்லாம் எனக்குத் தூக்கம் சொக்கும். பட்டுப்புடவையை விரித்துப் பிடித்தபடியே கண்ணசந்திருக்கிறேன், பெண் வீட்டார் எதிரே உட்கார்ந்து சிரித்திருக்கிறார்கள். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் மாமாவுக்கு நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாகி, கடலூரில் மஞ்சக்குப்பத்துப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தலையிலும் நெஞ்சிலும் ஒயர் ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்தார்கள். டாக்டர் இசைவாணி சின்ன வயசு, பொறுமையானவர். தூக்கத்தில் மாமாவின் தொண்டை மூடிக்கொள்கிறது, மூச்சு நின்று நின்று வருகிறது, ஒவ்வொரு தடவையும் இதயம் அடி வாங்குகிறது என்றார். எடை குறையவேண்டும், ஒருக்களித்துப் படுக்கவேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. வாயில் மாட்டிக்கொள்ளும் பிளேட் ஒன்று உண்டாம். பல்லைப் பிடித்துக்கொண்டு கீழ்த்தாடையை முன்னால் இழுத்து வைக்குமாம். மாமாவுக்குப் பிடிப்பதற்குப் பல்லே இல்லை, நோயும் முற்றிப்போனது. அதனால் காற்றடிக்கிற மெஷின்தான் வழி என்றார்.

"இவரு ஹார்ட்டு இருக்குற நெலமைக்கு, இத ஒரு நாள்கூட போடாம தூங்கக் கூடாது" என்று என்னிடம்தான் சொன்னார். அப்போது நான் நாற்காலியிலேயே தூங்கி விழுந்தேனாம். "சார், நீங்களும் ஒரு டெஸ்ட் எடுத்துக்குங்க" என்றார். மாமா எனக்காக வெட்கப்பட்டு, "மாப்ளைக்கு கடையில வேல ஜாஸ்தி டாக்டரம்மா" என்று சமாளித்தார்.

மச்சான் சிங்கப்பூரிலிருந்து மெஷினை அனுப்பிவைத்தான். தலைமாட்டில் வைக்கிற சின்னப் பெட்டி, ஒரு குழாய், மூக்கின்மேல் கட்டிக்கொள்ளும் மாஸ்க். எவ்வளவு நேரம் ஓடியது, மூச்சு சீராக வந்ததா என்ற தகவல் விடிந்ததும் அவன் போனுக்கே போய்விடும். நல்லபடியாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. மாமாவுக்குப் போட்டுவிடுவதும் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு என்று வீட்டில் முடிவானது. மாப்பிள்ளை பக்கத்தில் படுக்கிறார், பிறகென்ன கவலை என்றார்கள்.

மாமாவால் முடியவில்லை. "மாட்டுக்கு வாய்ப்பூட்டு போட்ட மாதிரி இருக்கு மாப்ள, காத்து வவுத்துக்குள்ள போவுது" என்று பிடுங்கிப் போட்டுவிடுவார். விடிந்ததும் மச்சான் வீடியோ காலில் வந்து கத்துவான். "வாப்பா, நேத்தும் செவப்பு. நீங்க மவுத்தாயி நான் அங்க ஓடிவரணும், அதானே ஒங்களுக்கு வேணும்?" கத்திவிட்டு அழுவான். மாமா ஒரு காலத்தில் பினாங்கில் கடை வைத்து பத்துப் பேரை வேலை வாங்கியவர். போனுக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்குப் பாவமாக இருக்கும்.

ஒரு நாள் படுக்கப்போகும்போது அவரே கேட்டார். "மாப்ள, இன்னைக்கு மட்டும் நீங்க போட்டுக்குங்களேன். பச்ச வந்தா அந்தப் பய சும்மா கெடப்பான்." அவருடைய நிம்மதிக்காகத்தான் போட்டேன். இதில் தப்பு ஒன்றும் இல்லை என்று நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

காலையில் கண் விழித்தபோது தலையில் பாரமே இல்லை. வாய் வறளவில்லை. பள்ளிவாசலில் சுபுஹு பாங்கு சொல்வது புதிதாகக் கேட்பதுபோல் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன் சார். இத்தனை வருடம் நான் தூங்கவே இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மச்சான் போனில், "மாஷா அல்லாஹ், வாப்பா, பச்ச!" என்று கைதட்டினான். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அடுத்த நாளும் நானே போட்டுக்கொண்டேன். அதற்கடுத்த நாள் அவர் கேட்கவே இல்லை, நானும் கேட்கவில்லை. கடையில் முதலாளி என் தோளைத் தட்டி, இளமை திரும்பிவிட்டதே என்றார். பெரியவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். நஜியாவோடு உட்கார்ந்து சிரித்துப் பேசினேன். முன்னறையிலிருந்து முன்பு இரண்டு குறட்டை கேட்கும், இப்போது ஒன்றுதான் கேட்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மெஷின் மாமாவுக்கு என்பதால், கேட்கிற குறட்டை என்னுடையது என்று நினைத்துக்கொண்டார்கள். மச்சான்கூட ஒரு தடவை கேட்டான். "மச்சான், நஜியா ராத்தா சொல்லுது, நீங்க இன்னும் கொறட்ட வுடுறீங்களாம். ஒங்களுக்கும் ஒண்ணு அனுப்பட்டா?" எனக்கு என்ன கேடு மச்சான், நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அங்கேயே சரி என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. அந்த வீட்டில் நோயாளி மாமா, நான் மாப்பிள்ளை. முகத்தில் குழாயைக் கட்டிக்கொண்டு கிடக்கிற மாப்பிள்ளையை ஊர் என்ன சொல்லும்? நாளைக்கு என் பிள்ளைகளைப் பெண் கேட்டு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? எனக்கென்று நான் வழி தேடாமலும் இல்லை. சிதம்பரத்தில் ஒரு பல் டாக்டரிடம் யாருக்கும் தெரியாமல் போய், வாயில் மாவு வைத்து அச்செடுத்து, அந்த பிளேட்டைச் செய்து வாங்கினேன். என் பல் வரிசை நன்றாக இருக்கிறது, லேசான நோய்தான், இதுவே போதும், பழகக் கொஞ்ச நாளாகும் என்றார். தாடை வலித்தது. எச்சில் ஒழுகியது. கழுவி சோப்பு டப்பாவில் போட்டு பீரோவில் வைத்துவிட்டேன்.

மறுபரிசோதனைக்கு மாமாவைக் கடலூருக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் இசைவாணி மெஷினில் தகவல் பதிகிற கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, இவ்வளவு ஒழுங்காகப் போடுகிறவர்கள் அபூர்வம் என்று பாராட்டினார். பிறகு மாமாவின் காலைப் பார்த்தார். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. தூக்கம் இவ்வளவு சரியாக இருக்கும்போது வீக்கம் ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. வேறு எதுவோ என்று நினைத்து மாத்திரையைக் கூட்டி எழுதினார். மாமா என் முகத்தைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள, அந்த டாக்டர் புள்ளைய ஏமாத்திட்டோம், மனசுக்கு சரியாப் படல. எனக்கும் பயமா இருக்கு. பேரப்புள்ளைவோ கல்யாணத்தப் பாக்கணும். இனிமே கஷ்டமோ நஷ்டமோ, நானே போட்டுக்குறேன்." சரி மாமா என்றேன். அன்றைக்கு நானே மாஸ்க்கை அவருக்குக் கட்டிவிட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே படுத்தவர் அப்புறம் கழற்றவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஒரு நாள் போட்டுவிட்டேன்.

மறுநாள் கடையில் புவனகிரிப் பார்ட்டி ஒன்று வந்தது, என் சொந்த ஊர்க்காரர்கள். அரக்குப் பட்டை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே முன்னால் சாய்ந்து மணப்பெண்ணின் மடியில் விழுந்தேன். குடித்திருக்கிறான் என்று ஒருவர் சொன்னார். வாழ்நாளில் தொட்டதில்லை சார். முதலாளி என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மாமாவிடம், டாக்டரம்மா போன் செய்தார்கள் என்றேன். காலில் நீர் இருக்கும்போது காற்று உள்ளே போகக் கூடாதாம், வீக்கம் வடிகிறவரைக்கும் வாயில் பிளேட்தான் போடவேண்டுமாம் என்றேன். "டாக்டரம்மாவா சொன்னாங்க?" என்று ஒரு தடவை கேட்டார். ஆமாம் மாமா என்றேன். பீரோவைத் திறந்து என்னுடைய பிளேட்டை எடுத்தேன். வெந்நீரில் நன்றாகக் கழுவித்தான் கொடுத்தேன், சுத்தத்தில் நான் குறை வைத்ததில்லை. என் பல்லுக்கு அச்செடுத்தது, அவர் வெறும் ஈறில் நிற்குமா? நழுவி நழுவி விழும். உதட்டை இறுக்கி மூடிப் பிடித்துக்கொள்வார். "நல்லா இருக்கு மாப்ள, மாஸ்க்குக்கு இது எவ்வளவோ தேவல. அல்லாஹ் ஒங்களுக்கு பரக்கத் செய்வான்" என்றார்.

அதன் பிறகு அவர் சாப்பிடும்போதே தூங்கினார். பள்ளியில் தொழும்போது சஜ்தாவில் தரையில் நெற்றியை வைத்தவர் எழுந்திருக்கமாட்டார். எவ்வளவு இபாதத் என்று பக்கத்தில் தொழுகிறவர்கள் என்னிடமே சொன்னார்கள். காலையில் தலைவலி என்று துண்டால் இறுக்கிக் கட்டிக்கொள்வார். பிளேட்டைப் போட்டிருக்கிறேன், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று எனக்கு அவரே தைரியம் சொல்வார். சிங்கப்பூருக்குப் பச்சை போய்க்கொண்டிருந்தது. "நீங்க இல்லன்னா வாப்பா இல்ல மச்சான்" என்று தமீம் சொல்லும்போது எனக்குக் கண் கலங்கும்.

அவர் போன அன்று காலையில் நான் எழுந்தபோது அவர் கன்னம் ஜில்லென்று இருந்தது. வாயிலிருந்த பிளேட்டை எடுத்துக் கழுவி வைத்தேன். என் மாஸ்க்கைக் கழற்றி அவருக்குக் கட்டினேன். மாஸ்க்கின் வார் முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துத்தான் கட்டினேன். அதற்குப் பிறகே மாமியைக் கூப்பிட்டேன். வந்து பார்த்த உள்ளூர் டாக்டர், உடம்பு விறைத்திருக்கிறது, நடு ராத்திரியிலேயே உயிர் போயிருக்கும் என்றார். மெஷினைப் போட்டுமா இப்படி என்று எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன்.

மச்சான் அடக்கத்துக்கு வந்து சேர்ந்துவிட்டான். மூன்றாம் நாள் ஃபாத்திஹா முடிந்த பிறகுதான் போனைப் பார்த்திருக்கிறான். வாப்பா மவுத்தான ராத்திரிக்கும் பச்சை வந்திருந்தது. கார்டைப் பிடுங்கிக்கொண்டு கடலூருக்குப் போனான். ஒவ்வொரு மூச்சும் அதில் கோடாக விழுந்திருக்குமாம். விடிகிறவரைக்கும் ஒரு மனுஷன் நிம்மதியாக மூச்சு விட்டிருக்கிறான் என்று டாக்டர் இசைவாணி காட்டினாராம். நஜியா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "தெனம் உள்ளறையில படுத்துக்கிட்டு நான் கேட்டது வாப்பாவையா? இவுங்க கொறட்டன்னு நான் தலவாணியால காத மூடிக்கிட்டேனே, அது வாப்பாவையா?" அதன் பிறகு அவள் என் முகத்தில் விழிக்கவில்லை.

அன்றைக்கு நான் அயர்ந்து தூங்கிவிட்டேன், எதுவும் தெரியாது என்று முதலில் சொன்னேன். அது முழுசாகச் சரியில்லை. ஒரு தடவை விழித்தேன். மாமாவின் குறட்டை நின்றிருந்தது. எப்போதும் நிற்கும், பிறகு மூச்சைத் திணறி இழுத்துக்கொண்டு திரும்ப ஆரம்பிப்பார். காத்திருந்தேன். ஆரம்பிக்கவில்லை. கையை நீட்டினால் அவர் தோள். மாஸ்க்கைக் கழற்றி அவர் முகத்தில் வைத்திருக்கலாம், உலுக்கி எழுப்பியிருக்கலாம், உள்ளறையைப் பார்த்து ஒரு குரல் கொடுத்திருக்கலாம். மாஸ்க்கைக் கழற்றினால் திரும்பத் தூக்கம் பிடிக்காது என்று நினைத்தேன். அறை அமைதியாக இருந்தது. மறுபக்கம் திரும்பிப் படுத்தேன். நான்தான் கொன்றேன் என்று எழுதவேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கவேண்டும். இங்கே வந்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. மெஷின் உங்கள் அலமாரியில் இருப்பதாக ஏட்டையா சொன்னார். கேஸுக்கு வேண்டியது அதிலிருக்கிற கார்டுதானே, பெட்டி சும்மாதான் கிடக்கிறது. இன்றைக்கு மட்டும் அதை என்னிடம் கொடுக்கச் சொல்லுங்கள் சார். மாமா இருந்தால் அவரே கொடுக்கச் சொல்லியிருப்பார்.