சனியை முந்திய டீ-ஷர்ட்

பல்லடம் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் பனியன் கம்பெனிக்காரர் ஒருவரும் கல்லூரியில் படிக்கும் அவர் மகளும் நின்றிருந்தார்கள்.

“கிரேக்க நாடகத்துல ராஜா விதிக்குத் தப்பிச்சு ஓடி, கடைசில அதுலயே போய் மாட்டிக்குவானுங்கப்பா. காரணம் விதியா, திமிரான்னு நாளைக்குப் பரீட்சைல எழுதோணும்.”

“எம்பேரை எழுதீரு கண்ணு. சனிப்பெயர்ச்சிக்கு அப்புறம் தொழில்ல நஷ்டம்னு ஜோசியர் சொன்னாரு. சனியவே முந்தறேன்னு, பெயர்ச்சிக்கு முன்னாடியே அவசரமா டீ-ஷர்ட்டுக்குக் கட்டிங் போட்டேன். துணியத் தொவைச்சுப் பாத்துட்டு வெட்டலாம்னு கட்டிங் மாஸ்டர் கெஞ்சுனாரு. ‘எம்பட கை தொட்டாலே தெரியும்’னேன். மொதத் தொவையலுக்கே அத்தனையும் சுருங்கிப்போச்சு. நான் போட்டிருக்கற இதுவும் அதுல ஒண்ணுதான்.”

டிரைவர் பிரேக் போட, அவர் மேலே இருந்த கம்பியை எட்டிப் பிடித்தார். டீ-ஷர்ட் ஏறித் தொப்புள் தெரிந்தது.

“அப்பத் திமிருதானுங்களாப்பா?”

“திமிருதான் சாமி. ஊட்ல உங்கம்மாகிட்ட மட்டும் சனின்னு சொல்லி வெச்சிருக்கறேன்.”