கொச்சித் தமிழுக்கு ஓர் ஒற்று

தேநீருக்கு நன்றி. சர்க்கரை சற்று மிகுதி, குறையாகச் சொல்லவில்லை. மட்டாஞ்சேரியில் சாயா என்று கேட்டால் இப்படித்தான் தருவார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் தமிழ் நடத்தியபோது உங்களை 'நீ' என்று அழைத்திருக்கிறேன், ஷௌகத் அலி. இன்று நீங்கள் காவல் உதவி ஆய்வாளர், நான் விசாரிக்கப்படுபவன். ஆகவே 'நீங்கள்' என்கிறேன். வாக்குமூலத்தைத் தமிழிலேயே தருகிறேன். எழுதுபவர் ஒற்றுகளை விழுங்காமல் எழுதட்டும். முதற்பக்கத்தில் என் மனைவியின் பெயர் விசாலாக்ஷி என்றிருக்கிறது. அவளும் அப்படித்தான் எழுதுவாள். விசாலாட்சி என்று திருத்திவிடுங்கள்.

இடப்பள்ளியில் உள்ள ஓர் அழகு நிலையத்தில், கத்தி வைக்காமல் வயிற்றைக் குறைக்கும் சிகிச்சையின்போது அவள் இறந்தாள். அங்கே பணிபுரியும் லமியா என்ற பெண்ணைக் காவலில் வைத்திருக்கிறீர்கள். அவளுடைய கவனக்குறைவே காரணம் என்று உங்கள் அறிக்கை சொல்கிறது. கவனக்குறைவு என்ற சொல் இங்கே பொருந்தாது. அதனால்தான் பேசுகிறேன்.

கொரோனா முடக்கத்தின்போது, தேங்காய்த் துருவியில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு விசாலாட்சி பேசத் தொடங்கினாள். "எல்லாரும் கேட்டேளா, இன்னிக்கு மொளகூட்டலாக்கும். வெள்ளம் திளைச்ச உடனே பருப்பைத் தட்டணும்." தண்ணீர் வெள்ளமாகவும் கொதிப்பது திளைப்பதாகவும் ஆகிவிட்ட இந்த இரண்டு வாக்கியங்களின் பிழைகளை நான் எண்ணி முடிப்பதற்குள் அவள் கறிவேப்பிலை தாளித்து முடித்திருந்தாள். நாளடைவில் முப்பதாயிரம் பேர் அவளைப் பின்தொடர்ந்தார்கள். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் மட்டுமே படித்த பிள்ளைகள் அவளைக் கேட்டுத் தமிழ் பழகினார்களாம். விசாலம் டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். அவள் எந்தப் பள்ளியிலும் கற்பித்தவள் அல்லள்.

அந்தச் சேனலுக்கு அவள் இட்ட பெயர் 'கொச்சி தமிழ்'.

"நடுவில் ஒரு த் போடு" என்றேன். "கொச்சியில் பேசும் தமிழ். ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. வல்லினம் மிகும்."

"ஏன்னா, அந்தத் த் இல்லாமயே முப்பதாயிரம் பேர் வந்தாச்சு. உங்க கிளாஸுக்கு ஒத்தெல்லாம் போட்டு எத்தனை பேர் வந்தா?"

நான் ஓய்வுபெற்ற ஆண்டில் நான்கு பேர். அவளுக்கு அது தெரியும்.

ஒரு நாள் மசாலாக் கடைத்தெருவில் சங்கர்ராம் எதிர்ப்பட்டான். காக்கநாட்டில் கணினி வேலை பார்ப்பவன். எட்டு, ஒன்பது, பத்து ஆகிய மூன்று வகுப்புகளிலும் என்னிடம் தமிழ் படித்தவன். அவளைக் கண்டதும் ஸ்கூட்டரை நடுத்தெருவிலேயே நிறுத்திவிட்டான்.

"டீச்சரே! உங்க வீடியோ பார்த்தாக்கும் நான் தமிழ் படிச்சது. அடிபொளி!" பிறகு என் பக்கம் திரும்பினான். "சாரும் உண்டா? சார் ஸ்கூல்ல என்னமோ எடுத்தீங்கல்ல... கணக்கா?"

வீடு வரும்வரை விசாலாட்சி சிரித்துக்கொண்டே வந்தாள். நான் கோபப்படவில்லை. சீரகப் பொட்டலம் என் கையில்தான் இருந்தது, அதைக்கூட நழுவவிடவில்லை.

அந்த வாரம் 'அன்பன்' என்ற புனைபெயரில் அவளுடைய வீடியோவின் கீழ் ஒரு கருத்தை இட்டேன். 'அம்மையார் அடுப்பின் முன் நிற்கையில் வயிறு பாத்திரத்தை மறைக்கிறது. சமையலைப் பார்க்க வந்தவர்களுக்குச் சமையல் தெரிவதில்லை.' அவள் சற்றுத் தள்ளி நிற்கட்டும் என்பதற்கு மேல் எனக்கு நோக்கம் ஒன்றும் இல்லை. ஆனால் நம் மக்கள் கூட்டமாகச் செய்வதற்கு ஒரு தொடக்கம் போதும். அன்பனைத் தொடர்ந்து நூறு பேர் அவளுடைய வயிற்றைப் பற்றியே எழுதினார்கள். அவர்களுள் ஒருவருக்கும் ஒற்றுப் போடத் தெரியவில்லை. அவள் அலமாரிக் கண்ணாடிக்கு முன் பக்கவாட்டில் நின்று, மூச்சை உள்ளிழுத்துப் பார்த்தாள். ஒரு வாரம் வீடியோ எடுக்கவில்லை. வீட்டில் அமைதி நிலவியது. பிறகு அந்த அழகு நிலையத்தின் விளம்பரத்தை எங்கோ கண்டுபிடித்தாள்.

இங்கே மூணாறைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் அங்கே சுற்றுலா போனோம். மாலையில் வழியோரக் கடையில் அவள் ஸ்ட்ராபெரி தின்றாள். மறுநாள் காலை விடுதியில் வெந்நீர்க் கருவி பழுது. பனி போன்ற தண்ணீரில் குளித்தாள். உடம்பெங்கும் தடித்து, உதடு வீங்கி, மூச்சு முட்டியது. மருத்துவமனையில் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, அவளுடைய உடம்புக்குக் குளிர்தான் பகை என்றார். இன்னொரு முறை நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து என்றும் சொன்னார். அதை அப்படியே அவளிடம் சொன்னேன்.

"ஒரு பக்கெட் வெள்ளம் ஆளைக் கொல்லுமோ? அந்த ஸ்ட்ராபெரியாக்கும் காரணம். நீங்க சும்மா இருங்கோ" என்றாள்.

சும்மா இருந்தேன். அதன்பின் அவள் ஸ்ட்ராபெரியைத் தொட்டதில்லை. கொச்சியில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக வருவதால் அவளுடைய எண்ணம் பிழை என்று காட்டும் வாய்ப்பும் வரவில்லை.

அழகு நிலையத்துக்கு நானும் உடன் சென்றேன். கணவனின் கடமை. உள்ளே நான்கு அறைகள்: ஒன்றில் வெப்பம், ஒன்றில் ஒலி, ஒன்றில் காந்தம், ஒன்றில் குளிர். உணவகத்தில் பலகாரங்களை ஒப்பிப்பது போல லமியா ஒப்பித்தாள்.

"டீச்சரே, கத்தி இல்ல, ரத்தம் இல்ல, ரெஸ்டும் வேணாம். ஹீட் போட்டா கொழுப்பு உருகும். சவுண்டுன்னா பொட்டி உடைஞ்சுபோகும். ஐஸ் வெச்சா உறைஞ்சு செத்துப்போகும். காந்தம் மசிலுக்கு. எது வேணும்?"

"செத்த கொழுப்பு எங்கே போகும்?" என்று கேட்டேன்.

"அது தன்னால போயிடும் அங்கிள்."

அவளை டீச்சர் என்றாள். என்னை அங்கிள் என்றாள். குறித்துக்கொள்ள வேண்டியதில்லை, சொல்லத் தோன்றியது, சொன்னேன்.

விசாலாட்சி, புடவைக் கடையில் உட்கார்ந்திருப்பவளைப் போல ஒவ்வொன்றாகத் தள்ளினாள். "காந்தம் வெக்க நான் என்ன ஆணியா? ஹீட்டு... அடுப்படியிலே நின்னு வேகறது போறாதா, காசு குடுத்து இங்கயும் வேகணுமா?" ஒலி அறையைப் பார்த்தபோது அவள் முகம் மலர்ந்தது. "சப்தத்துலே கொழுப்பு கரையும்னா நான் எப்பவோ எலும்பாயிருப்பேனே குட்டி. முப்பத்தாறு வருஷமா இலக்கணம் கேட்டுண்டிருக்கேன்!"

லமியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காத்திருந்த பெண்கள் வாயைப் பொத்தாமலே சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நகையும் மெய்ப்பாடுகளுள் ஒன்றுதானே.

கடைசியில் வெப்பமும் குளிரும் மிஞ்சின. விசாலாட்சி என்னைப் பார்த்தாள். "ஏன்னா, சூடா, தணுப்பா? நீங்களே சொல்லுங்கோ. ஒருவாட்டியாவது உங்க பேச்சைக் கேக்கறேன்."

"குளிர்" என்றேன்.

ஒரே சொல். பெயர்ச்சொல்லாகக் கொண்டால் அது ஒரு சிகிச்சை; ஏவல் வினையாகக் கொண்டால் ஒரு கட்டளை. எப்படிக் கொள்வது என்பதைக் கேட்பவரிடம் விட்டேன்.

விடைகள் எட்டு வகைப்படும் என்று உங்கள் வகுப்பில் நடத்தியது நினைவிருக்கும். சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் நேரடி விடைகள். மற்ற ஐந்தும் குறிப்பால் உணர்த்துபவை. எட்டுமே இலக்கணம் ஒப்புக்கொண்ட விடைகள். எட்டில் ஒன்றுகூடப் பொய் அன்று.

லமியா விசாலாட்சியிடம், "தணுப்பு பட்டா தடிப்பு, மூச்சு முட்டல் ஏதும் வருமா டீச்சரே?" என்று கேட்டாள்.

"அதொண்ணும் இல்லே. எனக்கு ஸ்ட்ராபெரி மட்டுமாக்கும் ஆகாது."

லமியா என் பக்கம் திரும்பினாள். "அங்கிள், தணுப்பு பிரச்சினை ஒண்ணும் இல்லல்ல?"

இல்லல்ல! எதிர்மறையில் கேட்கப்பட்ட கேள்விக்கு ஆம் என்றாலும் தெளிவில்லை. இல்லை என்றாலும் தெளிவில்லை. அவள் ஒழுங்காகக் கேட்டிருந்தால் நானும் ஒழுங்காகச் சொல்லியிருப்பேன்.

"கொச்சியில் குளிர் ஏது?" என்றேன். வினா எதிர் வினாதல். அவள் சிரித்துவிட்டு, விசாலாட்சியின் கையில் சிவப்பு நிறத்தில், பல பழங்கள் கலந்த ஒரு வரவேற்புப் பழச்சாற்றைக் கொடுத்து, குடித்ததும் உள்ளே அழைத்துச் சென்றாள். கிண்ணம் போன்ற கருவி ஒன்று வயிற்றை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு உறையவைக்குமாம். நான் வெளியே அமர்ந்து செய்தித்தாள் படித்தேன். தலையங்கத்தில் மட்டும் மூன்று பிழைகள்.

பாதி நேரம் போயிருக்கும். லமியா வெளியே வந்தாள். அவள் முகத்தில் இப்போது சிரிப்பில்லை.

"அங்கிள், டீச்சர் கையெல்லாம் செவந்து தடிச்சு வருது. இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் இப்படி வந்திருக்கா?"

இது பிழையற்ற வினா. பாராட்டத்தான் வேண்டும்.

"வந்திருக்கிறது. மூணாறில், ஸ்ட்ராபெரி தின்ற மறுநாள்."

உற்றது உரைத்தல். ஒவ்வொரு சொல்லும் உண்மை. லமியாவின் கண்கள் மேசைமீதிருந்த வெற்றுக் கோப்பைக்குப் போயின. "அல்லாஹ், நம்ம ஜூஸாக்கும்! அதுல ஸ்ட்ராபெரி இருந்திருக்கும்!" என்று உள்ளே ஓடினாள். ஒவ்வாமைக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். குற்றம் பழச்சாற்றின்மீது விழுந்துவிட்டதால் கருவியை எடுக்கவில்லை. மருத்துவர் மாலையில்தான் வருவாராம். திரைக்குப் பின்னாலிருந்து விசாலாட்சியின் குரல் கேட்டது: "பரவாயில்லே குட்டி, முழுசா முடிச்சுடு. வந்ததே அதுக்காக்கும்."

கருவியை எடுத்து வயிற்றைத் தேய்த்துவிடும்போது அவளுக்கு மூச்சு நின்று நின்று வந்தது. மருத்துவமனை தொலைவில் இல்லை. ஆயினும் இடப்பள்ளிச் சந்திப்பின் நெரிசலை நீங்கள் அறிவீர்கள். ஆம்புலன்ஸில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்னா... தணுக்கறது."

தணுக்கிறது என்பது மலையாளம். குளிர்கிறது என்பதே தமிழ். அந்த நேரத்தில் அதை அவளிடம் சொன்னேனா என்று நீங்கள் கேட்கவில்லை. சொன்னேன். அவள் திருப்பிச் சொல்லவில்லை.

தகனத்துக்கு மறுநாள் காலை, உறவினர்கள் முற்றத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, அவளுடைய கைப்பேசியை எடுத்துச் சேனலின் பெயரில் ஒரு த் சேர்த்தேன். அதைத்தான் நீங்கள் கண்டீர்கள்.

"சாரே, டீச்சர் மரிச்சதுக்கப்புறம் பேருல ஒரு த் வந்திருக்கு. இந்த ஊருல அந்தத் த்துக்காக அடி வாங்கினவன் நான், அடிச்சவர் நீங்க. அப்புறம் கமென்ட்ஸ் பூராவும் வாசிச்சேன். 'வந்தவர்களுக்குச் சமையல்'னு ச் போட்டு எழுதினது ஒரே ஒருத்தன். அந்தத் த்தை மட்டும் போடாம விட்டிருந்தா நான் சாரைத் தேடி வந்திருக்கவே மாட்டேன்" என்று வாசலில் நின்று சொன்னீர்கள். பாடம் வீண்போகவில்லை என்று மகிழ்ந்தேன்.

லமியாவை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கேள்வி கேட்கத் தெரியாதது குற்றமாகாது. 'விசாலாட்சி கவனக்குறைவால் இறந்தாள்' என்ற வாக்கியத்தை அடித்துவிட்டு, 'விசாலாட்சியை நான் கொன்றேன்' என்று எழுதுங்கள். செயப்படுபொருள், எழுவாய், பயனிலை மூன்றும் முறையாக அமைந்திருக்கின்றன. கையெழுத்திடுகிறேன்.

மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தும் பெயரில் அந்த ஒற்றை ஏன் சேர்த்தேன் என்று கேட்டீர்கள். அதற்கு மட்டும் நேர் விடை தருகிறேன். ஒன்று பிழை என்று தெரிந்தபின், அதைத் திருத்தாமல் விடுவது எனக்கு இயலாது.